குப்பைக் கூடைக்குப் போகும் பரக்கத்

ஒரு வீட்டின் செலவுக் கணக்கை அறிய விரும்பினால் கடைக்காரரின் கடன் கொப்பியைப் புரட்ட வேண்டியதில்லை. அந்த வீட்டுக் குசினியில் இருக்கும் குப்பைக் கூடையைப் பார்த்தாலே போதும். பீர்க்கங்காயின் தோல், பூசணியின் வித்து, பீட்ரூட்டின் இலை, கோவாவின் நடுத்தண்டு, வாழைக்காயின் தோல் என்று எத்தனையோ அதற்குள் கிடக்கும். இவை யாரும் இலவசமாகத் தந்தவையல்ல. பீட்ரூட்டை இலையோடு நிறுத்துத்தான் கடைக்காரர் தருகிறார். இலைக்கும் சேர்த்தே நாம் விலை கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த இலையைத்தான் முறித்து வீசுகிறோம்.

நமது உம்மம்மாமார் இப்படிச் செய்யவில்லை. அவர்களுடைய அடுப்படியில் பூசணிக் கொழுந்து சுண்டலானது. பலாக்கொட்டை மணலுக்குள் இருந்து மாரி காலத்தில் வெளியே வந்தது. வாழை மரம் விழுந்தால் பொத்தியும் தண்டும் இரண்டு நாள் கறியாயின. அந்தக் கைப்பழக்கம் ஒரு தலைமுறைக்குள் நம் வீடுகளிலிருந்து போய்க் கொண்டிருக்கிறது. அண்மையில் என்னிடம் ஓதும் மாணவிகளிடம், பூசணிக் கொழுந்து ஆக்கத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டேன். முப்பது பேருக்கு மேலிருந்த வகுப்பில் உயர்ந்தவை மூன்று கைகள். அந்த மூவரும் மூத்தம்மாவோடு ஒரே வீட்டில் வளர்பவர்கள்.

சமையலைப் பற்றி ஒரு மௌலவி ஏன் எழுத வேண்டும் என்று சகோதரிகள் எண்ணக் கூடும். இது சமையலோடு மட்டும் முடியும் விடயமல்ல. வீண்விரயம் பற்றியும், வீட்டின் வருமானம் பற்றியும், பிள்ளைகளின் உடல்நலம் பற்றியுமான விடயம்.

அறுவடையும் அதன் கடமையும்

அல்குர்ஆனின் ஆறாவது அத்தியாயமான ஸூறதுல் அன்ஆமில் 141ஆவது வசனம் விவசாயத்தைப் பற்றிப் பேசுகிறது. பந்தலில் படரும் கொடிகள், பந்தலின்றி வளரும் செடிகள், பேரீச்சை, பல சுவையுடைய பயிர்கள், ஒலிவம், மாதுளை ஆகியவற்றை எடுத்துச் சொல்கிறது. அவை பலன் தரும் போது உண்ணும்படியும், அறுவடை நாளில் அதற்குரிய கடமையைக் கொடுத்து விடும்படியும் பணிக்கிறது. அதே மூச்சில் வீண்விரயத்தையும் தடுக்கிறது. காலத்தில் உண்பது, பிறருக்குரியதைக் கொடுப்பது, வீணாக்காமல் இருப்பது என்ற மூன்றும் ஒரே வசனத்தில் சேர்ந்து வந்திருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு காலத்து விளைச்சலும் நம் குசினிக்குள் வரும் போது இந்த மூன்றும் கூடவே வருகின்றன.

நபி (ஸல்) அவர்கள் கீழே விழுந்த கவளத்தைக் கூட ஷைத்தானுக்கு விட்டுவிடாமல், அழுக்கை நீக்கி உண்ணுமாறு சொன்னார்கள். உணவுத் தட்டைத் துப்புரவாக வழித்து உண்ணச் சொன்னார்கள். உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்பதை உண்பவர் அறியமாட்டார் என்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இந்தச் செய்தியை நாம் சாப்பாட்டுத் தட்டோடு நிறுத்திக் கொள்கிறோம். மரக்கறி வெட்டும் பலகைக்கும் அது பொருந்தாதா?

மாரியும் கோடையும்

காலத்துக் காய் என்றால் என்ன என்பதே பல வீடுகளில் மறந்து போய்விட்டது. வருடம் முழுவதும் கரட்டும் போஞ்சியும் கோவாவும் கடையில் கிடைப்பதால் எல்லா மாதமும் ஒரே மாதமாகி விட்டது.

நமது நாட்டில் இரண்டு போகங்கள் உள்ளன. வடகீழ்ப் பருவ மழையோடு தொடங்குவது பெரும்போகம். அதற்குப் பின் சித்திரை, வைகாசியில் தொடங்குவது சிறுபோகம். பெரும்போக மழையை நம்பிச் சேனையில் போட்ட பூசணி, நீற்றுப்பூசணி, வெள்ளரி, சோளம் முதலியவை தை மாதம் தொட்டுச் சந்தைக்கு வரத் தொடங்கும். அந்த வாரங்களில் கிழக்கிலும் அநுராதபுரம், மொனராகலைப் பக்கங்களிலும் தெருவோரமெங்கும் பூசணி குவிந்து கிடக்கும். விளைச்சல் குவியும் போது விலை விழும். விவசாயிக்கு அது வயிற்றெரிச்சல். வாங்குகிறவருக்கு, காய் புதிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் காலம் அதுதான்.

காலத்துக் காயை வாங்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. அது தூரத்திலிருந்து லொறியில் அடிபட்டு வருவதில்லை. பக்கத்து வயலிலும் தோட்டத்திலும் பறித்தது அன்றே கிடைக்கும். அப்படிப்பட்ட காயில்தான் தோலும் இலையும் காம்பும் வாடாமல் இருக்கும். நான்கு நாள் மூட்டைக்குள் இருந்த பீட்ரூட்டின் இலையை யாராலும் சமைக்க முடியாது. ஆகவே முழுக் காயையும் பயன்படுத்த விரும்புபவர் முதலில் காலத்தைப் பார்த்து வாங்கப் பழக வேண்டும்.

பூசணியில் கழிவு குறைவு

முற்றிய பூசணியைக் காம்போடு வாங்கி, வெட்டாமல், காற்றுப்படும் நிழலில் வையுங்கள். காம்பு உடையாமலும் தோலில் காயம் இல்லாமலும் இருந்தால் அது மாதக் கணக்கில் பழுதாகாது. மலிந்த காலத்தில் இரண்டு மூன்று வாங்கி வைத்துக் கொள்ளலாம்.

பூசணியின் தோலைச் சீவ வேண்டியதில்லை. நன்றாகக் கழுவி, சொறியான இடங்களை மட்டும் சுரண்டிவிட்டுத் தோலோடு துண்டு போட்டால் கறி குழைந்து போகாமலும் இருக்கும். நமது வீடுகளுக்குப் பழக்கமான ஆணம் இது:

தோலோடு வெட்டிய பூசணி அரைக் கிலோ, வெட்டிய சின்ன வெங்காயம் ஆறு, பச்சைக் கொச்சிக்காய் மூன்று, உள்ளி நான்கு பல், மஞ்சள் அரைத் தேக்கரண்டி, றம்பை, கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றை இரண்டாம் பாலில் அவிய விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி அரிசியையும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவையும் பொன்னிறமாக வறுத்து, அரைத் தேக்கரண்டி கடுகோடு சேர்த்து அரைத்து, முதற்பாலில் கரைத்து ஊற்றி ஒரு கொதியில் இறக்குங்கள். தோல் வெந்து பூப்போல இருக்கும்.

காயின் நடுவில் இருக்கும் நார்ச் சோற்றை வழித்து எறியாதீர்கள். வித்தைப் பிரித்தெடுத்து விட்டு, அந்தச் சோற்றைப் பருப்போடு போட்டு அவித்தால் பருப்புக் கறி இனிப்பும் தடிப்புமாக வரும். வித்தைக் கழுவி, சிறிது உப்பு நீரில் பிசறி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, வெறும் சட்டியில் பொரிய வறுத்தெடுத்தால் பிள்ளைகளுக்கு மாலைத் தீனி. புரதமும் நல்ல கொழுப்பும், நாகம், மக்னீசியம் ஆகிய தாதுக்களும் அதில் உண்டு. வித்தை எறிந்துவிட்டுக் கடையில் பொரித்த பக்கற் தின்பண்டத்தைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறோம்.

வீட்டு வளவில் பூசணிக் கொடி உள்ளவர்கள் பூவையும் கொழுந்தையும் கறியாக்கலாம். நீண்ட காம்பில், அடியில் பிஞ்சு இல்லாமல் நிற்பது ஆண் பூ. அது காய்ப்பதில்லை. பெண் பூவுக்கு மகரந்தம் கொடுக்கச் சிலவற்றை விட்டுவிட்டு, மீதியைக் காலையில் பறித்து, நடுவிலுள்ள மகரந்தத் தண்டை நீக்கி, முட்டையோடு கலந்து பொரிக்கலாம். கொழுந்தின் தண்டில் இருக்கும் சுணையையும் மேல் நாரையும் உரித்துவிட்டு, சிறிதாக அரிந்து, வெங்காயம், கொச்சிக்காய், மாசித்தூள், தேங்காய்ப்பூ சேர்த்துச் சுண்டினால் ஒரு நேரக் கறி முடிந்தது.

பந்தல் காய்கள்

பீர்க்கு, புடோல், சுரை மூன்றும் பந்தலில் தொங்குபவை. தையற்காரர் ஒருவர் கொடுத்த விருந்தில் வாற்கோதுமை ரொட்டியோடு சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஆணம் வைக்கப்பட்டதாகவும், நபி (ஸல்) அவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடித் தேடி உண்டதாகவும், அன்று முதல் தமக்கும் அது விருப்பமானதாகவும் அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இறைச்சி இருந்த ஆணத்தில் அவர்கள் தேடியது மரக்கறியை. நமது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால், மரக்கறி என்றதும் முகம் சுளிக்கும் பழக்கம் ஓரளவு குறையும்.

பீர்க்கங்காயில் கூர்மையான வரம்புகளை மட்டும் சீவி எறியுங்கள். இடையிலுள்ள பச்சைத் தோலைத் தனியே மெல்லியதாகச் சீவிச் சேர்த்துக் கொள்ளுங்கள். இரண்டு காயின் தோலுக்கு மூன்று காய்ந்த கொச்சிக்காய் போதும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கொச்சிக்காயையும் தோலையும் பச்சை வாசம் போக வதக்கி, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, நான்கு சின்ன வெங்காயம், உப்பு சேர்த்து அம்மியில் அரைத்து, தேசிக்காய்ப் புளி விடுங்கள். காலையில் ரொட்டிக்கும் இடியப்பத்துக்கும் இந்தச் சம்பல் பொருந்தும்.

சுரைக்காய் இளசாக இருந்தால் தோலையும் மெல்லிய குச்சிகளாக அரிந்து, மஞ்சளும் மிளகும் போட்டு வதக்கலாம். இளம் புடோலங்காயின் நடுவிலுள்ள பஞ்சுச் சோற்றையும் மெல்லிய வித்தையும் பீர்க்குத் தோலைப் போலவே வதக்கிச் சம்பல் அரைக்கலாம். முற்றிய புடோலின் வித்து கல்லைப் போல இருக்கும்; அது அடுத்த விதைப்புக்குத்தான் உதவும்.

வாழை விழுந்தால்

குலை வெட்டிய வாழை மீண்டும் குலை போடாது. அதைச் சாய்த்து வேலியோரம் தள்ளிவிடுவது நம் வழக்கம். வெளிப்பட்டைகளை உரித்துக் கொண்டே போனால் நடுவில் வெள்ளைத் தண்டு கிடைக்கும். அதை வட்டமாக வெட்டும் போது வரும் நூலை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, சிறு துண்டுகளாக்கி, தேசிக்காய்ப் புளி விட்ட நீரில் போட்டால் கறுக்காது. பருப்போடு சேர்த்துப் பாலாணம் வைக்கலாம். நார்ச்சத்து நிறைந்தது, மலச்சிக்கலால் வருந்தும் முதியோருக்கு நல்லது.

பொத்தியின் முற்றிய சிவப்பு மடல்களை நீக்கிவிடுங்கள். அந்த மடல்களுக்குள் இருக்கும் பெரிய பூக்களில் விறைத்த நரம்பையும் கண்ணாடி போன்ற சிறிய இதழையும் பிடுங்க வேண்டும். உள்ளே வெளிறிய நடுப் பகுதிக்கு அந்த வேலை தேவையில்லை. கையில் எண்ணெய் பூசிக்கொண்டு மெல்லியதாக அரிந்து, உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து, பிழிந்து கழுவினால் துவர்ப்பும் கறையும் போய்விடும். பிறகு மாசியும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டுவது உங்கள் கைவண்ணம்.

சாம்பல் வாழைக்காயின் தோலும் அப்படியே. மேற்பரப்பை இலேசாகச் சுரண்டிவிட்டுத் தோலை உரித்து, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நீரை வடித்து, குச்சி குச்சியாக அரிந்து, வெங்காயம், செத்தல் கொச்சிக்காய், கறிவேப்பிலை தாளித்து வதக்கி, தேங்காய்ப்பூவைத் தூவுங்கள். காயில் ஒரு கறி, தோலில் ஒரு கறி. ஒரே காசில் இரண்டு கறி.

மலைநாட்டு மரக்கறியின் இலைகள்

நுவரெலியா, வெலிமடைப் பக்கங்களிலிருந்து வரும் பீட்ரூட், நோக்கோல், முள்ளங்கி ஆகியவற்றின் இலைகள் மூன்றும் நல்ல கீரைகள். கிழங்கை மட்டும் எடுத்துக் கொண்டு இலையை எறிந்துவிட்டு, மறுபக்கம் போய் ஒரு கட்டுக் கீரைக்குக் காசு கொடுப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! பீட்ரூட் இலையைத் தண்டோடு அரிந்து, முதலில் தண்டையும் பிறகு இலையையும் சட்டியில் போட்டுச் சுண்டுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் இந்த இலையை அடிக்கடி உண்ணாமல் இருப்பது நல்லது. அதில் ஒக்சலேற்று என்னும் பொருள் கூடுதலாக உண்டு.

கோவாவின் நடுத்தண்டின் தடித்த மேல்தோலைச் சீவிவிட்டு, உள்ளே இருக்கும் மென்மையான பகுதியைத் துருவிச் சலாதுக்குப் போடலாம். கொத்தமல்லித் தழையின் தண்டு இரசத்துக்கும் இறைச்சி ஆணத்துக்கும் இலையை விட வாசம் தரும். கங்குன் தண்டைப் பாதி எறியாமல், முற்றிய கணுக்களை மட்டும் நீக்கிப் பயன்படுத்துங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். தோலும் இலையும்தான் பூச்சிமருந்து நேராகப் படும் இடம். இலைகளை ஓடும் நீரில் இரண்டு மூன்று தரம் கழுவி, உப்பு நீரில் பத்து நிமிடம் வைத்து, மீண்டும் கழுவிய பின்னரே அரியுங்கள். அரிந்த பின் கழுவினால் சத்தும் நீரோடு போகும். மேலே படிந்தது ஓரளவு கழுவுப்படும். செடிக்குள் ஊறிய மருந்து கழுவிப் போகாது. ஆகவே தோலையும் இலையையும் உண்பதற்கு வீட்டுத் தோட்டத்துக் காய்க்கும், அறிந்த விவசாயியின் காய்க்கும் முதலிடம் கொடுங்கள்.

பலா தரும் உணவு

பிஞ்சாக இருக்கும் போது பொலஸ், முற்றினால் அவித்து உண்ணும் சுளை, பழுத்தால் பழம், அதற்குப் பிறகு கொட்டை. வேறெந்த மரமும் ஒரே காயில் இத்தனை பருவ உணவைத் தருவது அரிது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் என்பவர் நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை நடத்தினார். மக்கள் அவரை இன்றும் ‘கொஸ் மாமா’ என்றே நினைவுகூர்கிறார்கள். பஞ்ச காலத்தில் மக்களுக்குச் சோறாக உதவும் என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

பலாக்கொட்டையை நீர்ப்பசை போக நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலுக்குள் புதைத்து வைத்தால் பல வாரங்கள் இருக்கும். தேவையான போது எடுத்து, அவித்து, மேலோட்டை உரித்து, இரண்டாகப் பிளந்து, கறித்தூளும் வறுத்த தேங்காயும் போட்டு வைக்கும் ஆணம் இறைச்சி இல்லாத நாளின் குறையைத் தீர்க்கும். சாம்பல் தணலில் சுட்ட கொட்டை பிள்ளைகளுக்குப் பிடித்தது.

நோன்பு காலத்து வத்தகப்பழம்

றமழானில் நோன்பு திறக்க நம் வீடுகளில் அதிகம் வெட்டப்படுவது வத்தகப்பழம். சிவந்த பகுதியை உண்டுவிட்டுப் பழத்தின் எடையில் கணிசமான பங்கைத் தெருவில் வைக்கிறோம். அடுத்த முறை பழத்தைத் துண்டு போடும் முன் கத்தியால் சிவப்பையும் வெள்ளையையும் பிரித்தெடுங்கள். கடித்த துண்டைச் சமைக்க மனம் வராது. ஆகவே முன்னரே பிரிப்பது நல்லது. வெளியிலுள்ள வன்மையான பச்சைத் தோலைச் சீவி எறிந்துவிட்டு, வெள்ளைப் பகுதியைச் சதுரமாக வெட்டி, வெள்ளரிக்காய்க்கு வைப்பது போலப் பாலாணம் வையுங்கள். பருப்போடு சேர்த்தாலும் சுவைக்கும். ஸஹருக்கு இலேசான கறி.

இவற்றை உண்ணாதீர்கள்

வீண்விரயத்தைத் தவிர்ப்பது என்றால் எதையும் உண்பது என்று பொருளல்ல. உடலுக்குத் தீங்கானதைத் தவிர்ப்பதும் மார்க்கக் கடமையே. பின்வருவனவற்றைத் தயங்காமல் எறியுங்கள்.

1. மரவள்ளிக் கிழங்கின் தோல். வெளித் தோலோடு அடியிலுள்ள தடித்த தோலையும் முழுமையாக நீக்க வேண்டும். அதில் சயனைட் என்னும் நஞ்சை உண்டாக்கும் பொருள் உண்டு. கிழங்கை நிறைய நீரில், சட்டியை மூடாமல் அவித்து, நீரை வடித்துவிடுங்கள். நீலக் கோடு விழுந்த பழைய கிழங்கைச் சமைக்க வேண்டாம். மரவள்ளியோடு இஞ்சி சேர்ப்பதில்லை என்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். அதைக் கைவிட அவசியமில்லை. மரவள்ளி இலையைப் பச்சையாக உண்ணவே கூடாது.

2. கசக்கும் சுரைக்காய், பீர்க்கு, வெள்ளரி, பூசணி. பாகற்காய்க்குக் கசப்பு இயற்கை. இவற்றுக்கு அது நஞ்சின் அடையாளம். வெட்டியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. அயல்நாடான இந்தியாவில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தவர்கள் இறந்ததும் உண்டு.

3. பச்சை நிறம் ஏறிய, முளை விட்ட உருளைக்கிழங்கின் தோலும் முளையும். பச்சை அதிகம் ஏறியிருந்தால் கிழங்கையே விட்டுவிடுங்கள்.

4. தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளின் இலைகள். இவை கீரையாகா.

5. பூஞ்சணம் பிடித்த எதுவும். பூஞ்சணத்தைச் சுரண்டிவிட்டு வித்துக்களை வறுப்பது ஆபத்து.

பெண்களுக்கு ஒரு குறிப்பு

நமது பெண்களிடையே இரத்தச் சோகை பரவலாக உண்டு. குறிப்பாகக் கர்ப்பிணித் தாய்மார் அதனால் வருந்துகிறார்கள். முருங்கை இலையிலும் ஏனைய கீரைகளிலும் இரும்புச் சத்து உண்டு. ஆனால் மரக்கறியில் உள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சிக் கொள்வதில்லை. தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் உள்ள விற்றமின் ‘சி’ அதற்கு உதவும். சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பின் தேசிக்காய் பிழியும் வழக்கத்தை நம் முன்னோர் காரணமின்றி வைக்கவில்லை. சோறு உண்ட கையோடு பிளேன்டீ குடிப்பது அந்த இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணித்தியாலமாவது பொறுத்துக் குடியுங்கள். வைத்தியர் தந்த இரும்புக் குளிசைகளை விட்டுவிட்டுக் கீரையை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம்.

கீரையை நீண்ட நேரம் அவிக்காதீர்கள். தேங்காய்ப்பூவோ சிறிது எண்ணெயோ சேர்த்துச் சில நிமிடங்கள் சுண்டினால், அதிலுள்ள கண்ணுக்கு உகந்த சத்தும் உடலில் நன்றாகச் சேரும்.

மிஞ்சுவது எங்கே போகிறது?

எவ்வளவு பயன்படுத்தினாலும் கொஞ்சம் மிஞ்சும். அதை சொப்பிங் பேக்கில் கட்டித் தெரு மூலையில் வைப்பதோடு நம் பொறுப்பு முடிந்ததாக நினைக்கிறோம். 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகள் மீது விழுந்ததில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கை உண்டு எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. யானைக்குப் பிளாஸ்டிக்கில் விருப்பமில்லை. நாம் பைக்குள் கட்டி வைத்த தோலும் சோறும் மணக்கின்றன. அது பையோடு விழுங்குகிறது. வாய் பேசாத ஜீவன்களைப் பற்றியும் நாம் விசாரிக்கப்படுவோம் என்பதை மறக்க வேண்டாம்.

கோழி வளர்ப்பவர்களுக்குக் கழிவு என்ற ஒன்றே இல்லை. மற்றவர்கள் வளவின் மூலையில் ஒரு முழ ஆழத்தில் குழி வெட்டி, மரக்கறிக் கழிவைப் போட்டு, ஒவ்வொரு முறையும் சருகும் மண்ணும் தூவி வந்தால் சில மாதங்களில் நல்ல பசளை. அந்தக் குழியின் ஓரத்தில் ஒரு வாழையையோ ஒரு பூசணி வித்தையோ நடுங்கள். வளவில்லாத மாடி வீட்டார் துளையிட்ட ஒரு பழைய வாளியில் இதைச் செய்யலாம்.

வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை

இந்தச் சஞ்சிகையை வீட்டில் ஆண்களும் எடுத்துப் புரட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். வாழைக்காய்த் தோலைச் சுண்டி வைத்த மனைவியைப் பார்த்து, “தோலையா ஆக்கிப் போட்டிருக்கிறாய்?” என்று ஒருவர் கேட்டால், அந்தக் கறி அந்த வீட்டில் மறுமுறை வராது. பிள்ளைகளும் அதைத் தொட மாட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், விருப்பமில்லாவிட்டால் விட்டுவிட்டார்கள். இந்த ஸுன்னத்தைப் பின்பற்றினால் பல குசினிகளில் கண்ணீர் குறையும்.

2022ஆம் ஆண்டை நாம் இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட முடியாது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, தமக்குப் பசியில்லை என்று சொல்லி எழுந்த தாய்மார் எத்தனை பேர் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். அந்தக் காலத்தில் பலர் வேலியோரத்து முருங்கையையும் பலாக்கொட்டையையும் வாழைப்பொத்தியையும் மீண்டும் தேடினார்கள். விலை சற்று இறங்கியதும் அவற்றை ஏழைகளின் உணவு என்று மீண்டும் ஒதுக்கி வைத்தார்கள். நெருக்கடி வரும் போது கற்றுக் கொள்வது கடினம். வசதியுள்ள போதே பழகிய கைதான் நெருக்கடியில் உதவும்.

இதில் வெட்கப்பட எதுவுமில்லை. கடன் வாங்கி விருந்து வைத்து, மிஞ்சியதைக் குழி தோண்டிப் புதைப்பதுதான் வெட்கம். விருந்தினருக்கும் இந்தக் கறிகளை முன்வைக்கலாம். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் அனுப்பலாம். ஆணம் சமைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரழி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். ஆனால் நாம் உண்ணத் தயங்குவதைப் பிறருக்குக் கொடுப்பது ஸதகாவாகாது. நாம் ருசித்ததையே கொடுப்போம். இப்படி மிச்சமாகும் காசிலும் ஒரு சிறு பங்கை ஒதுக்கி வைத்தால், அறுவடைக்குரிய கடமை நம் குசினியிலும் நிறைவேறியதாகும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் ஒரே ஒரு காயை எடுத்துக் கொள்ளுங்கள். பீட்ரூட் வாங்கினால் இலையைச் சுண்டுங்கள், அல்லது பூசணி வாங்கினால் வித்தைக் காய வையுங்கள். மகளை அருகில் இருத்தி, எதை எடுப்பது, எதை எறிவது என்று காட்டிக் கொடுங்கள். வீட்டில் உம்மம்மாவோ மூத்தம்மாவோ இருந்தால் அவரிடம் கேளுங்கள். அவர்களிடம் இந்த ஏட்டில் எழுதியதை விட அதிகம் இருக்கும். அவர்கள் இருக்கும் போதே கேட்டுக் கொள்வது நல்லது.

நமது உணவிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!